மூக்கு, நெற்றி பிளாக்ஹெட்ஸ்: முகம் கெடாமல் வீட்டிலேயே எடுக்க வழி உண்டா?

தாம்பரம்_ரயில் · #1

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு வயது 26, மாநிறம், எண்ணெய் வழியும் முகம். மதியம் சாப்பிட்டு எழுந்தால் மூக்கில் தோசையே வார்க்கலாம். மூக்கு முழுக்கப் பொடிப் பொடியாகக் கரும்புள்ளி, அது போதாது என்று முன்நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் வரிசையாக இன்னொரு கூட்டம். போன மாதம் அக்கா நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, சமையல் சோடாவில் எலுமிச்சை பிழிந்து மூக்கில் தேய்த்தேன். நுரைத்தது, எரிந்தது. எரிந்தால்தானே வேலை செய்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பத்து நிமிடம் வைத்திருந்தேன். மறுநாள் மூக்கின் இடது பக்கம் சிவந்து தோல் உரிந்தது. இப்போது அங்கே புளியங்கொட்டை அளவில் டிகாக்ஷன் நிறத்தில் ஒரு திட்டு. கரும்புள்ளிகள்? அவை சொகுசாக அப்படியேதான் இருக்கின்றன.

அக்கா கல்யாணம் தை கடைசியில். இரண்டு மாதம் கையில் இருக்கிறது. வீட்டிலேயே பாதுகாப்பாக ஏதாவது செய்ய முடியுமா? "அதெல்லாம் தானாகப் போயிடும்" என்று மட்டும் சொல்லாதீர்கள், ஏழு வருடமாகக் காத்திருக்கிறேன்.

முல்லைக்கொடி · #2

எலுமிச்சையை ஏன்மா முகத்தில் போட்டாய். ஜாதிக்காயைப் பால் விட்டு உரைத்துப் போடு, பதினைந்து நாளில் கரும்புள்ளி மங்கிவிடும். என் மகளுக்குப் பரு வந்து போன இடமெல்லாம் கறுப்பாக இருந்தது, இதில்தான் போனது.

ஜாலி_ஜம்பு · #3

பள்ளிக்கூடத்தில் கையில் பசை தடவிக் காயவைத்து உரிப்போமே, அதையே மூக்கில் செய்து பாருங்கள். நான் செய்திருக்கிறேன். மூக்கோடு மீசையும் கொஞ்சம் வந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. கரும்புள்ளி வரவில்லை.

மருந்துக்கடை_அண்ணாச்சி · #4

பாளையங்கோட்டையில் மருந்துக்கடை கல்லாவில் 18 வருடமாக நிற்கிறேன். நான் மருத்துவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்தக் கதையை வாரத்துக்கு நாலு பேரிடமாவது கேட்கிறேன்.

முதல் கோளாறே அந்த வார்த்தையில்தான் இருக்கிறது. தமிழில் கரும்புள்ளி என்று மூன்று சாமானைச் சொல்கிறோம். பரு போன பிறகு நிற்கிற கறுப்புத் தழும்பும் கரும்புள்ளி, வெயிலில் வருகிற புள்ளியும் கரும்புள்ளி, மூக்கில் துளைக்குள் அடைத்துக்கொண்டிருக்கும் பிளாக்ஹெட்டும் கரும்புள்ளி. கடையில் வந்து "கரும்புள்ளிக்கு ஒரு கிரீம் கொடுங்க" என்றால் நான் முகத்தைப் பார்க்காமல் எதுவும் எடுப்பதில்லை. மேலே முல்லைக்கொடி அம்மா சொல்வது தழும்புக்கான கை வைத்தியம், இந்தப் பிள்ளை கேட்பது துளை அடைப்புக்கு. ஜாதிக்காய் போட்டால் அடைப்பு அசையாது.

பிளாக்ஹெட் என்பது தோலின் மயிர்த்துளைக்குள் எண்ணெயும் உதிர்ந்த தோல் செல்களும் சேர்ந்து கெட்டிப்பட்ட ஒரு கார்க். வாய் திறந்திருப்பதால் மேல்பகுதி காற்றுப் பட்டுக் கறுக்கிறது, அதில் இருக்கும் மெலனினும், அதாவது தோலுக்கு நிறம் தருகிற சமாசாரமும், சேர்ந்துதான் அந்த நிறம். வாய் மூடியிருந்தால் வெள்ளையாக இருக்கும், ஒயிட்ஹெட். ஆக, அது அழுக்கு கிடையாது. இதைத்தான் முதலில் மண்டையில் ஏற்றவேண்டும், ஏனென்றால் அழுக்கு என்று நினைப்பதால்தான் எல்லாரும் பாத்திரம் விளக்குவது மாதிரி முகத்தை விளக்குகிறார்கள். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை சோப்புப் போட்டாலும் உள்ளே இருக்கும் கார்க்குக்கு ஒன்றும் ஆகாது, சுற்றியுள்ள தோல்தான் காய்ந்து எரியும்.

அடுத்தது, மூக்கில் இருப்பதில் முக்கால்வாசி பிளாக்ஹெட்டே இல்லாமல் இருக்கலாம். விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். நிஜ பிளாக்ஹெட் விரலுக்குத் தட்டுப்படும், ரவை ஒட்டிக்கொண்ட மாதிரி, தலை நல்ல கறுப்பாக இருக்கும், அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். தட்டுப்படாமல் வழவழப்பாக, சாம்பல் நிறத்தில், அளவெடுத்து வைத்தது மாதிரி ஒரே சீராக மூக்கு முழுக்க இருந்தால் அது செபேசியஸ் ஃபிலமென்ட். எண்ணெய்ச் சுரப்பியில் இருந்து எண்ணெய் மேலே வரும் பாதை அது, உலகத்தில் எல்லார் மூக்கிலும் இருக்கிறது. அழுத்தினால் சேமியா மாதிரி மெல்லிசாக வெள்ளையாக வரும், பார்க்கத் திருப்தியாக இருக்கும், ஒரு மாதத்துக்குள் திரும்பவும் நிரம்பிவிடும். அதைக் காலி செய்ய நினைப்பது நாக்கில் எச்சில் இருக்கக் கூடாது என்று துடைக்கிற கதை.

மருந்து என்ன என்று சாயங்காலம் எழுதுகிறேன், கடையில் கூட்டம்.

பார்லர்அக்கா_கோவை · #5

அண்ணாச்சி சொன்னது நூற்றுக்கு நூறு உண்மைங்க. என்கிட்ட வருகிற பாதிப் பெண்கள் ஃபிலமென்ட்டைக் காட்டித்தான் "எல்லாத்தையும் எடுத்து விடுங்க"ன்னு கேட்கிறாங்க. எடுத்து விட்டால் பத்து நாள் பளிச்சென்று இருக்கும், அப்புறம் மறுபடியும் வருவாங்க. தொழிலுக்கு நல்லது, அதனால் பார்லரில் இதை யாரும் சொல்ல மாட்டாங்க.

கண்ணு, அந்த சோடா எலுமிச்சை விஷயம். பி.எச்.ன்னா அமில அளவு, எண் குறையக் குறைய அமிலம் கூடும். எலுமிச்சைச் சாறின் பி.எச். 2 கிட்ட இருக்கும், சமையல் சோடா 8-க்கு மேலே. நம்ம தோல் 5 பக்கம். இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்கு ஒரே நேரத்தில் இழுத்தால் தோல் என்ன பண்ணும்? இன்னொன்று, எலுமிச்சைச் சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் வெந்து கறுத்துப்போகலாம். அந்தத் திட்டை நோண்டாதே, மேலே எதையும் தேய்க்காதே. நம்ம நிறத்துக்கு ஒரு சின்னக் காயம்கூட மாசக் கணக்கில் கறுப்பாக நிற்கும். வெள்ளைத் தோல்காரங்க வீடியோவில் பிதுக்கிவிட்டு மறுநாள் சிரிக்கிறாங்க, அவங்களுக்கு சிவந்து ஆறிடும். நமக்கு ஒரு பிளாக்ஹெட்டை நகத்தால் கிள்ளினால், பிளாக்ஹெட் போய் அதைவிடப் பெரிய கறுப்பு ஒன்று வரும்.

வேளச்சேரி_வெங்காயம் · #6

மூக்கும் வாயும் சேர்ந்த முக்கோணத்தில் பிதுக்கினால் மூளைக்கு விஷம் ஏறிச் செத்துவிடுவார்கள் என்று ஒரு ஃபார்வர்டு வந்ததே, அது உண்மையா? எனக்கு அதைப் படித்ததில் இருந்து மூக்கைத் தொடவே பயம்.

மருந்துக்கடை_அண்ணாச்சி · #7

முழுப் பொய்யும் இல்லை. அந்த இடத்து ரத்தக்குழாய்கள் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் குழாய்களோடு தொடர்புள்ளவை, அங்கே சீழ்ப்பிடித்த கட்டியைக் குத்திக் கிளறினால் தொற்று உள்ளே போகக்கூடும். ஆனால் ரொம்ப ரொம்ப அபூர்வம். மூக்கைத் தொட்டதற்காகச் சாகமாட்டீர்கள். சேஃப்டி பின்னால் குத்தாதீர்கள், அவ்வளவுதான். (சேலையில் இருந்து எடுத்த பின்னாலேயே குத்திவிட்டுச் செப்டிக் ஆகி வந்த ஒரு அம்மாவைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.)

இப்போது மருந்து. வீட்டில் வைத்துச் செய்ய உருப்படியானது இரண்டுதான்.

ஒன்று சாலிசிலிக் ஆசிட். வில்லோ மரப் பட்டையோடு சம்பந்தப்பட்ட பெயர், ஆஸ்பிரினுக்கு உறவுக்காரன். இது எண்ணெயில் கரையும், அதனால்தான் துளைக்குள் இறங்கி அந்தக் கார்க்கை ஒட்டவைத்திருக்கும் பசையைத் தளர்த்துகிறது. மற்ற ஆசிட் பல மேலேயே நின்றுவிடும். மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடைப்பது பெரும்பாலும் 2% வரைதான், அது போதும். முகம் கழுவும் திரவமாகவும் வருகிறது, தடவி விட்டுவிடுகிற சீரமாகவும் வருகிறது. கழுவுவது முப்பது நொடியில் தண்ணீரோடு சாக்கடைக்குப் போகிறது, தடவி விடுவதுதான் கூடுதலாக வேலை செய்யும். முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு மூன்று ராத்திரி மட்டும். எரியவில்லை, உரியவில்லை என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் தொடவேண்டாம்.

இரண்டாவது அடாபலீன் 0.1% ஜெல். வைட்டமின் ஏ குடும்பம். துளைக்குள் செல்கள் உதிர்ந்து அடைத்துக்கொள்ளும் பழக்கத்தையே மாற்றுவது இதுதான், அதாவது கார்க் எடுப்பதை விட கார்க் உண்டாகாமல் செய்வது. அமெரிக்காவில் 2016-இல் இருந்து இதைச் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கலாம். இங்கே டியூபில் சிவப்புக் கோடு போட்டிருக்கும், மருத்துவர் சீட்டு வேண்டும். சீட்டு இல்லாமல் என்னிடம் கேட்டால் கொடுக்கமாட்டேன், பக்கத்துக் கடையில் கொடுக்கிறார்கள் என்பதற்காகவும் கேட்காதீர்கள். கர்ப்பமாக இருப்பவர்கள், அதற்குத் திட்டமிடுபவர்கள் இதைத் தொடவே கூடாது.

பலன் தெரிய எட்டில் இருந்து பன்னிரண்டு வாரம். இதைச் சொன்னதும்தான் பாதிப் பேர் கடையை விட்டு இறங்கிப் போவார்கள்.

குத்தாலச்சாரல் · #8

எல்லாமே கெமிக்கல். நம் பாட்டிமார் பயத்தமாவில்தான் முகம் கழுவினார்கள், அவர்களுக்கு எந்தக் கரும்புள்ளியும் இல்லை. வியாபாரத்துக்காக இப்படிப் பயமுறுத்துகிறீர்கள்.

பார்லர்அக்கா_கோவை · #9

பயத்தமாவை யாருங்க குறை சொன்னது. சோப்பை விட முகத்துக்கு இதமானதுதான், நைசாக அரைத்துச் சலித்தது என்றால் நானே போடுவேன். மேலே இருக்கும் எண்ணெயை எடுக்கும், துளைக்குள் போகாது, அவ்வளவுதான் அதோட வேலை. முல்தானி மட்டியும் அதே கதை, சாயங்காலம் வரைக்கும் மூக்கு பளபளக்காமல் இருக்கும். அதைக் காயக் காய விட்டு முகம் வெடிக்கிற அளவுக்கு வைத்துக்கொள்வதுதான் தப்பு, பாதி ஈரத்தில் கழுவிடணும்.

ஆனா சர்க்கரை, காபித்தூள், வால்நட் ஓட்டுப்பொடி, இதையெல்லாம் போட்டுத் தேய்க்கிறதை நிறுத்துங்க. கடைச் சர்க்கரையை ஒரு கறுப்புத் துணியில் கொட்டிக் கிட்டப் பாருங்க, ஒவ்வொன்றும் மூலை மூலையாக இருக்கும். அதுதான் உங்க மூக்கில் ஓடுது. பட்டைத்தூளும் தேனும் சேர்த்துப் போட்டு வெந்து வந்த ஒரு பொண்ணை எனக்குத் தெரியும். சமையலறையில் இருக்கிறதெல்லாம் தோலுக்குச் சாந்தமானதுன்னு யார் சொன்னது, மிளகாய்த்தூளும் அங்கேதான் இருக்கு.

பாட்டிக்குக் கரும்புள்ளி இருந்ததா இல்லையான்னு யாருங்க பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தது?

குத்தாலச்சாரல் · #10

சரி, அந்தக் கடைசி வரியில் தோற்றுவிட்டேன்.

இரவுஷிஃப்ட் · #11

ஆவி பிடித்தால் துளை திறக்கும், ஐஸ் வைத்தால் மூடும் என்கிறார்களே? நான் ஆவி பிடிக்கப் போய்ப் பாத்திரம் சரிந்து தொடையில் கொட்டி ஒரு வாரம் லீவு. பிளாக்ஹெட் எடுக்கப் போய்த் தொடையில் கொப்புளம் என்று மேனேஜரிடம் எப்படிச் சொல்வது, வண்டியில் இருந்து விழுந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

பார்லர்அக்கா_கோவை · #12

துளைக்குக் கதவு கிடையாதுங்க, திறந்து மூடுவதற்கு அங்கே தசையே இல்லை. சூட்டில் உள்ளே இருக்கும் எண்ணெய் இளகும், நெய் இளகுகிற மாதிரி, அதுதான் நடக்குது. அதுக்குக் கொதிக்கிற பாத்திரம் வேண்டாம். குளித்து முடித்ததும் முகம் இளகித்தான் இருக்கும், இல்லைன்னா வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துண்டை ஐந்து நிமிடம் போட்டுக்கோங்க.

கையோட எடுக்கிற முறையையும் சொல்லிடறேன், சொல்லாட்டியும் எப்படியும் பண்ணத்தான் போறீங்க. விரலுக்குத் தட்டுப்படுகிற, தலை கறுத்த, வாய் திறந்த ஒன்று இரண்டை மட்டும். ஒரு முனையில் வளையம் இருக்கிற சின்னக் கம்பி கிடைக்கும். அதைக் கொதிக்கிற தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்து ஆறவிடுங்க. வளையத்துக்கு நடுவில் புள்ளி வருகிற மாதிரி வைத்து, நேராகக் கீழே லேசா ஒரு அழுத்து, கொஞ்சம் சாய்த்து இன்னொரு அழுத்து. வந்தால் வந்தது. இரண்டு தடவைக்கு வரலைன்னா அது இன்னும் இளகலை, விட்டுடுங்க, அடுத்த வாரம் பார்த்துக்கலாம். மூன்றாவது அழுத்தில்தான் உள்ளே துளைச் சுவர் கிழிந்து, சரக்கு மேலே வராமல் பக்கவாட்டில் தோலுக்குள் இறங்கி, மறுநாள் வீங்கின பருவாக நிற்கும். மூடின வெள்ளைப் புள்ளியையும் சிவந்த பருவையும் இந்தக் கம்பியால் தொடாதீங்க.

மூக்கில் உறிஞ்சுகிற மெஷின் ஒன்று விற்கிறாங்க பாருங்க, வட்ட வட்டமாகக் கன்றிப் போய் வருவாங்க. ஒட்டி உரிக்கிற பட்டை 1990-களில் ஜப்பானில் இருந்து வந்த சமாசாரம், எப்போதாவது ஒட்டினால் பெரிய தப்பில்லை, ஆனால் அதில் வருவது பெரும்பாலும் அந்தச் சேமியாவும் பூனைமுடியும்தான். அடாபலீன் போடுகிறவங்க ஒட்டவே கூடாது, தோலோட வரும்.

தாம்பரம்_ரயில் · #13

இவ்வளவு எழுதியதற்கு நன்றி அக்கா, அண்ணாச்சி. இப்போதுதான் கண்ணாடி முன்னால் நின்று விரல் சோதனை செய்தேன். மூக்கில் தட்டுப்படுவது மொத்தமே ஆறு! மற்றதெல்லாம் வழவழப்பு. ஏழு வருடமாக நான் சண்டை போட்டது என் எண்ணெய்ப் பாதையோடு. ஆனால் நெற்றியில் இருப்பது எல்லாமே தட்டுப்படுகிறது, மணல் மாதிரி. அது ஏன் முடி தொடங்கும் இடத்தில் மட்டும்?

மருந்துக்கடை_அண்ணாச்சி · #14

தலைக்கு எண்ணெய் வைப்பாயா தாயி?

தாம்பரம்_ரயில் · #15

தினமும். தேங்காய் எண்ணெய், ராத்திரி படுக்கும்போது. அம்மா உத்தரவு.

மருந்துக்கடை_அண்ணாச்சி · #16

அதுதான். முடிக்குப் போட்ட எண்ணெய் நெற்றிக்கு இறங்கும், தலையணையில் ஊறும், கன்னத்துக்கும் போகும். 1970-இல் அமெரிக்காவில் தோல் மருத்துவர்கள் இதற்கு ஒரு பெயரே வைத்தார்கள், பொமேடு ஆக்னி என்று, ஆக்னி என்றால் பரு. அங்கே கறுப்பின ஆண்கள் தலைக்குப் பூசுகிற பொமேடால் நெற்றியிலும் நெற்றிப்பொட்டிலும் இதே மாதிரி மணல் மணலாக வந்தது. நம் ஊரில் பொமேடுக்குப் பதில் தேங்காய் எண்ணெய். துளையை அடைக்கும் எண்ணெய்களின் பட்டியலில் அது மேல்வரிசையில்தான் இருக்கிறது. அந்தப் பட்டியல் முயல் காதில் தடவிப் பார்த்துத் தயாரித்தது, முயல் காது நம் முகத்தை விட நுட்பமானது, அதனால் எல்லாருக்கும் அடைக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. உனக்கு அடைக்கிறது என்று நெற்றியே சொல்கிறது.

எண்ணெயை விடச் சொல்லவில்லை, அம்மாவிடம் அடி வாங்கித் தரமாட்டேன். குளிக்கிற நாளில் ஒருமணி நேரம் முன்னால் வைத்துவிட்டு அலசிவிடு. ராத்திரி வேண்டாம். தலையணை உறையை வாரத்துக்கு இரண்டு தடவை மாற்று.

முல்லைக்கொடி · #17

என்னது, எண்ணெய் வைக்காமல் படுப்பதா. முடி கொட்டிவிடும்.

ஜாலி_ஜம்பு · #18

ஆன்ட்டி, நான் பத்து வருடமாக வைத்தேன், கொட்டிவிட்டது.

உப்பளத்தான் · #19

இழையைத் திசை திருப்புவதற்கு மன்னிக்கவும். அப்பாவுக்கு 64 வயது, வேதாரண்யத்தில் நாற்பது வருடம் உப்பளத்தில் வேலை, பீடி உண்டு. அவருக்கு இரண்டு கண்ணுக்கும் வெளிப்பக்கம், நெற்றிப்பொட்டுக்குக் கீழே, பெரிய பெரிய பிளாக்ஹெட்ஸ், மிளகை வரிசையாகப் பதித்த மாதிரி. இந்த வயதில் என்ன பிளாக்ஹெட்ஸ் என்று எல்லாரும் சிரித்தார்கள். அம்மா ஒன்றைப் பிதுக்கினார், வெளியே வந்தது நிஜமாகவே மிளகு அளவு. ஏதாவது பயப்பட வேண்டுமா?

மருந்துக்கடை_அண்ணாச்சி · #20

ஒரு தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வயதானவர்களுக்குக் கண்ணைச் சுற்றி இப்படி வருவதற்கு ஃபாவ்ர் ரகூஷோ என்று இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் பெயரில் ஒரு தனிப் பெயர் உண்டு. வருடக்கணக்கான வெயிலும் புகையும் சேர்ந்து தோலின் இழுவையைக் கெடுத்துவிடுவதால் துளைகள் தொங்கி அகன்று நிரம்புகின்றன. உப்பளத்தில் மேலே இருந்தும் வெயில், கீழே வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பியும் வெயில். பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் அத்தனை வெயில் பட்ட தோலில் வேறு ஏதும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது, ஆறாத புண், வளர்கிற மச்சம் மாதிரி. அம்மாவைப் பிதுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், கண் பக்கம்.

உப்பளத்தான் · #21

நன்றி அண்ணாச்சி. அம்மாவைத் தடுப்பதுதான் கஷ்டம், ரொம்ப ஆர்வமாக இருக்கிறார்.

பெயர்_வேண்டாம் · #22

படிக்கப் படிக்க எனக்குப் பயமாக இருக்கிறது. நான் மூன்று வருடமாக ஒரு கிரீம் போடுகிறேன். பரு, கரும்புள்ளி, நிறம் எல்லாவற்றுக்கும் என்று தோழி வாங்கிக் கொடுத்தது, ஆரம்பத்தில் முகம் கண்ணாடி மாதிரி ஆனது. இப்போது இரண்டு நாள் போடாவிட்டால் முகம் சிவந்து தீயாக எரிகிறது, கன்னம் முழுக்க ஒரே அளவில் பொரிப்பொரியாக வருகிறது, மேலுதட்டில் முடி வளர்கிறது. வெயிலில் நிற்க முடியவில்லை. அதனாலேயே விடாமல் போடுகிறேன்.

மருந்துக்கடை_அண்ணாச்சி · #23

அம்மா, டியூபில் பொடி எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன், க்ளோபெட்டசால், இப்படி சோன், சால் என்று முடிகிற பெயர் ஏதாவது இருக்கிறதா?

பெயர்_வேண்டாம் · #24

மோமெட்டசோன். அப்புறம் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின்.

மருந்துக்கடை_அண்ணாச்சி · #25

நினைத்தேன். மோமெட்டசோன் ஸ்டீராய்டு. அந்தக் கலவையை மருத்துவர் ஒரு குறிப்பிட்ட மங்குக்கு, சில வாரத்துக்கு மட்டும் எழுதிக் கொடுப்பார். மூன்று வருடத்துக்கு இல்லை. ஸ்டீராய்டு முகத்தில் தோலை மெலிதாக்கும், ரத்தக்குழாய் வெளியே தெரியும், முடி வளரும், நீங்கள் சொல்கிற ஒரே அளவுப் பொரியும் அதன் வேலைதான். நிறுத்தினால் எரிவது, எரிவதால் மறுபடி போடுவது, சாராயம் மாதிரியே. நம் ஊரில் இது எவ்வளவு பரவியது என்றால் 2018-இல் 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு அறிவிப்புப் போடவேண்டி வந்தது. அதற்கு முன்னால் எங்கள் மாதிரிக் கடைகளில் பவுடர் டப்பா பக்கத்திலேயே இருந்த சரக்கு. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு, மறைக்கவில்லை, முதல் சில வருடம் நானும் கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

இனி அந்த டியூபை எப்படி விடுவது என்பதை நீங்களாகவும் முடிவு செய்யாதீர்கள், இங்கே யாரிடமும் கேட்காதீர்கள். டியூபைக் கையில் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் இந்த வாரமே போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது, காசு ஒரு காரணமாக இருக்க வேண்டாம். வெட்கப்பட ஒன்றும் இல்லை, அவர்கள் தினமும் பார்ப்பதுதான். சாலிசிலிக், அடாபலீன் என்று மேலே எழுதியது எதுவும் இப்போது உங்களுக்கு இல்லை.

பெயர்_வேண்டாம் · #26

வியாழக்கிழமை போகிறேன்.

மதுரை_அம்மா · #27

என் பையனுக்கு 13 வயது, மூக்கில் கறுப்புப் புள்ளி வர ஆரம்பித்திருக்கிறது. இந்த வயதில் வருமா? கூட விளையாடுகிற பையன்கள் கேலி செய்கிறார்களாம்.

பார்லர்அக்கா_கோவை · #28

அந்த வயதில்தான் ஆரம்பிக்கும், பருவம் வருகிறதன் முதல் அறிகுறியே பெரும்பாலும் மூக்கிலும் நெற்றியிலும் இதுதான். இரண்டு வேளை மிதமான ஃபேஸ்வாஷ், விளையாடிவிட்டு வந்ததும் முகம் கழுவுவது, இப்போதைக்கு அது போதும். பிதுக்கக் கூடாதுன்னு மட்டும் பழக்கிடுங்க. இதுவே நாலைந்து வயதுக் குழந்தைக்கு வந்தால் ஹார்மோன் பார்க்கணும், டாக்டர்கிட்ட போயிடணும். வயசுக்கு வந்த பெண்களுக்கும் அப்படித்தான், மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போய், தாடையில் முடி, கூடவே முகம் முழுக்க இது என்றால் கிரீம் தேடி அலையாதீங்க.

தாம்பரம்_ரயில் · #29

ஒன்பது வாரம் கழித்து வருகிறேன். கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்தாகிவிட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். முதல் இரண்டு வாரம் சாலிசிலிக் 2% மட்டும், வாரத்துக்கு மூன்று ராத்திரி. திட்டு இருந்த பக்கம் தொடவில்லை. இடையில் தோல் மருத்துவரைப் பார்த்தேன், விரலால் நெற்றியைத் தடவிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி "தலைக்கு எண்ணெய் உண்டா" என்பதுதான், அண்ணாச்சிக்கு அங்கேயே ஒரு கும்பிடு போட்டேன். அடாபலீன் எழுதிக் கொடுத்து, சாலிசிலிக்கை நிறுத்தச் சொன்னார். முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவுதான், கழுவி இருபது நிமிடம் நன்றாகக் காயவிட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள். காலையில் சன்ஸ்கிரீன் கட்டாயம், ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாலும்.

மூன்றாவது வாரம் அழுதேன். வாய் ஓரமெல்லாம் தவிடு மாதிரி உரிந்தது, நெற்றியில் உள்ளே பதுங்கியிருந்ததெல்லாம் சின்னச் சின்னப் பருவாக மேலே வந்தது. மருத்துவர் முன்னாலேயே சொல்லியிருந்ததால் விடாமல் போட்டேன், மாய்ஸ்சரைசரை முதலில் பூசிவிட்டு மேலே ஜெல் போட்டால் எரிச்சல் குறைந்தது. ஆறாவது வாரம் ஒருநாள் காலையில் திருநீறு வைக்கும்போது நெற்றி வழவழ என்று இருந்தது. விரலை எடுக்கவே மனசு வரவில்லை. மூக்கில் இருந்த ஆறில் நாலு தானாக இளகி, குளித்த பிறகு அக்கா சொன்ன கம்பியால் ஒரே அழுத்தில் வந்தது. ஒன்று உட்கார்ந்திருக்கிறது, இன்னொன்றை மூன்றாவது முறை அழுத்திவிட்டேன், ஆமாம், தெரிந்தே, அது பருவாகி கல்யாண ஆல்பத்தில் இடம்பிடித்துவிட்டது.

சேமியா கூட்டம் எங்கேயும் போகவில்லை. கொஞ்சம் சின்னதாகியிருக்கிறது, ஒரு அடி தள்ளி நின்றால் தெரியவில்லை. எலுமிச்சைத் திட்டு மட்டும் இன்னும் இருக்கிறது, டிகாக்ஷனில் இருந்து பாலூற்றிய காபிக்கு வந்திருக்கிறது. பத்து நிமிடம் தேய்த்ததற்கு இத்தனை மாதம்.

பார்லர்அக்கா_கோவை · #30

மேலுதட்டுக்கு வாக்சிங் பண்ணலையே கண்ணு? அடாபலீன் போட்டுக்கொண்டு வாக்ஸ் இழுத்து, தோல் பிய்ந்து மணமேடையில் உட்கார்ந்த பொண்ணைப் பார்த்திருக்கேன். உன்கிட்ட அப்பவே சொல்ல மறந்துட்டேன்னு இரண்டு மாசமா உறுத்தல்.

தாம்பரம்_ரயில் · #31

பண்ணவில்லை அக்கா, பார்லரில் அவர்களே கேட்டார்கள், நூலும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பெரிதாகக் காட்டும் கண்ணாடி ஒன்று வாங்கி வைத்திருந்தேன், அதை அப்பா சவரம் செய்ய எடுத்துக்கொண்டார். இப்போது தன் மூக்கைப் பார்த்துக் கவலைப்படுகிறார்.

பெயர்_வேண்டாம் · #32

நானும் சொல்லிவிட்டுப் போகிறேன். வியாழக்கிழமை போனேன். கஷ்டமான இரண்டு மாதம், இன்னும் முடியவில்லை. எரிச்சல் பாதியாகியிருக்கிறது. நேற்று துப்பட்டாவால் முகத்தை மூடாமல் கடைக்குப் போய்விட்டு வந்தேன்.

மருந்துக்கடை_அண்ணாச்சி · #33

நல்லது தாயி. ரொம்ப நல்லது.

புதுமுகம்_2 · #34

நண்பர்களே இவ்வளவு பேச்சு எதற்கு, ஒரு எலுமிச்சை, ஒரு ஸ்பூன் சமையல் சோடா, பத்து நிமிடம். ஒரே ராத்திரியில் கரும்புள்ளி காணாமல் போகும். நான் வீடியோவில் பார்த்தேன்.

ஜாலி_ஜம்பு · #35

தம்பி, #1-ஐப் படி. படித்துவிட்டு மூக்கைப் பத்திரமாக வைத்துக்கொள்.